எந்த ஏர்வாடி?

தொண்டியிலிருந்து கூப்பிட்டாலும் சரி, சாயல்குடியிலிருந்து கூப்பிட்டாலும் சரி, 108 போய்ச் சேருவது பல மாவட்டங்களுக்குப் பொதுவான கட்டுப்பாட்டு அறைக்கு. எடுத்துப் பேசுகிறவர் நம் கடற்கரையைப் பார்த்தே இருக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். தர்கா பக்கம் கடை வைத்திருப்பதால் எனக்கு இது பழகிவிட்டது. இங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு ஒரு அவசரம் என்றால் போன் எங்கள் கைக்குத்தான் வரும்.

சந்தனக்கூடு சமயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கேரளாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம். பையனுக்கு இருபது வயது இருக்கும், கடைக்கு எதிரே வலிப்பு வந்து விழுந்துவிட்டான். விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. அவனுடைய உம்மா 108-ஐக் கூப்பிட்டு, "ஏர்வாடி, ஏர்வாடி" என்று மட்டும் அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். போனை நான் வாங்கினேன். அந்தப் பக்கம் ஒரு பெண், கொஞ்சமும் பதறாமல், "சார், எந்த ஏர்வாடி? திருநெல்வேலியா, ராமநாதபுரமா?" என்றார்.

நாங்குநேரி பக்கமும் ஒரு ஏர்வாடி இருக்கிறது. அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. "ராமநாதபுரம் மாவட்டம், கீழக்கரை தாண்டி வருகிற ஏர்வாடி, தர்கா" என்றேன். அப்புறம் அவர் விடவில்லை. மூச்சு இருக்கிறதா, எவ்வளவு நேரமாக வருகிறது என்று கேட்டுக்கொண்டே, பையனை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னார். கூட்டத்தில் யாரோ அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தார்கள், இன்னொருவர் வாயில் துணி வைக்கப் போனார். "கையைப் பிடிக்காதீங்க, வாயில எதுவும் வைக்காதீங்க" என்று அவர் சொல்வதை நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன்.

வண்டியில் இருந்தவர்களும் லைனுக்கு வந்தார்கள். பக்கத்து வண்டி வேறு கேஸுக்குப் போயிருந்ததால் அடுத்த ஊரிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் உள்ளே நுழைவது லேசில்லை. இரண்டு பையன்களை பைக்கில் மெயின் ரோடு திருப்பத்துக்கு அனுப்பினோம், அவர்கள் முன்னால் வழிவிலக்கிக் கூட்டி வந்தார்கள். ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று மறுநாள் அந்த உம்மாவே போன் செய்தார்.

அதற்கப்புறம் கடைச் சுவரில் மாவட்டம், வழி, ஊர், அடையாளம் நான்கையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிப் போட்டுவிட்டேன். தங்கும் விடுதிக்காரர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும்.

பாம்பனில் இருக்கிற என் மச்சான் சொல்வது வேறு கதை. தீவிலிருந்து கரைக்கு ஆம்புலன்ஸ் வர 1988-ல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான் வழி. அதன் மேல் காரை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் போட்டோ எடுக்கிறார்கள். 2025-ல் புதிய ரயில் பாலம் திறந்தபிறகும் அந்த ஆசை குறையவில்லை. போன் எடுத்தவர் எவ்வளவு வேகமாக வண்டியை அனுப்பினாலும் பாலத்தில் நிற்கிற காரை அவரால் நகர்த்த முடியுமா? தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள்.

தனுஷ்கோடி போகிறவர்களுக்கு ஒன்று. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்ததிலிருந்து கூட்டம் அதிகம், ஆனால் அங்கே சில போன்களில் இலங்கை டவர் ஏறிக்கொள்ளும். அப்படி இருந்தால் கூப்பிட்டுக்கொண்டே நிற்காமல், நோயாளியை வண்டியில் ஏற்றி ராமேஸ்வரம் பக்கம் நகர்ந்துகொண்டே முயற்சி செய்யுங்கள்.

கடலில் இருப்பவர்களுக்கு 108 பயன்படாது. கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. அங்கேயும் ஊர்ப் பெயர் சொல்லிப் பலனில்லை, ஜிபிஎஸ் காட்டுகிற எண்களை அப்படியே வாசிக்க வேண்டும். வலையைப் பற்றி மட்டுமே பேசும் எங்கள் சாச்சாகூட, கிளம்பும்போது அதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் படகை எடுக்கிறார்.