'ஃபினிஷ்' என்பதற்குச் சொல்: மெருகா, திருத்தமா, மேல்வேலையா?

அனுப்புநர்: பெயர்ப்பாளன்

அனைவருக்கும் வணக்கம். பழைய ரிவால்வர்களை மதிப்பிடுவது எப்படி என்ற கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். குட்டைக் குழல் ரிவால்வர்களைப் பற்றிய அத்தியாயத்தில் வண்டி நின்றுவிட்டது. 'பிளெயின் ஃபினிஷ்' என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கண்ணாடிப் பளபளப்போ செதுக்கு வேலையோ இல்லாமல், மங்கலாக விடப்பட்ட எஃகு என்று பொருள். 'மெருகற்ற' என்று போடலாம். போட்டால் துப்பாக்கியே மட்டம் என்று தொனிக்கிறது. நூலாசிரியர் சொல்ல வருவதோ, இந்த வகையில் தரத்தை வெளிப்பரப்பில் தேடாதீர்கள் என்பதுதான். பாராட்டும் பழியும் ஒட்டாத ஒரு சொல் கிடைக்குமா?

அனுப்புநர்: அகரமுதலி

மெருகை ஏன் கைவிட வேண்டும்? நகைக்கும் மெருகு, மரத்துக்கும் மெருகு. படிப்பவருக்கு அகராதி தேவைப்படாது. சிக்கல் மெருகில் இல்லை, 'அற்ற'வில் இருக்கிறது. பொறுப்பற்ற, பண்பற்ற என்று சொல்லிப் பாருங்கள், குறை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 'மெருகிடாத' என்று எழுதுங்கள். இட்டிருக்கலாம், இடவில்லை, அது செய்தவரின் முடிவு. ஓர் எதிர்மறைப் பெயரெச்சத்தில் முடிகிற வேலைக்குப் புதுச்சொல் எதற்கு?

அனுப்புநர்: புலவர்

அம்மையீர், மாசற்ற, குற்றமற்ற என்பவையும் வசைச் சொற்களா? 'அற்ற' எதோடு சேர்கிறதோ அதைப் பொறுத்தது. மெருகு நல்லது என்று நாம் முன்பே முடிவு கட்டிவிட்டதால்தான் 'மெருகற்ற' குறையாகிறது. 'மெருகிடாத' என்றாலும் அந்த நிழல் போகாது.

இந்தக் கையேட்டின் சிக்கலை ஔவையார் அன்றே பாடியிருக்கிறார். புறநானூறு 95. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, 'காழ் திருத்தி நெய்யணிந்து', அதாவது காம்பு செம்மையாகி நெய் பூசி, அழகாக நிற்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. எது தரமான கருவி என்று அவர் சொல்லவே இல்லை, கேட்டவனுக்குப் புரிந்திருக்கும். அங்கே 'திருத்தி' என்று வருகிறது பாருங்கள். இன்றும் நேர்த்தியான வேலையைத் திருத்தமான வேலை என்கிறோம். எனவே ஃபினிஷுக்குத் 'திருத்தம்'. பிளெயின் ஃபினிஷ், 'எளிய திருத்தம்'.

'துப்பாக்கி' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'துப்பு' என்றால் வலிமை. வலிமையை ஆக்குவது துப்பாக்கி. குறளில் 12ஆம் பாட்டிலேயே துப்பாக்கி இருக்கிறது.

அனுப்புநர்: அகரமுதலி

ஐயா, அந்தக் குறளில் இருப்பது மழை. உண்பவர்க்கு உணவை ஆக்கித் தருவது என்று பொருள். கையில் பிடிக்கும் துப்பாக்கி துருக்கிய 'துஃபெக்' வழியில் வந்தது. ஒலி ஒத்துப்போனதற்காக வள்ளுவர் கையில் ஆயுதத்தைக் கொடுக்காதீர்கள்.

'எளிய திருத்தம்' என்றால் இன்றைய வாசகர் அச்சுப்பிழையைச் சரிசெய்ததாக நினைப்பார். சட்டத்துக்கும் திருத்தம், விடைத்தாளுக்கும் திருத்தம். அந்தச் சொல் ஏற்கனவே வேறு இடத்தில் குடியிருக்கிறது.

அனுப்புநர்: கடைசல்

எல்லாரும் சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறீர்கள், பண்டத்தை யாரும் கையில் எடுக்கவில்லை. பட்டறை ஆள் என்ற முறையில் நான் எடுக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

எஃகுக்குக் கருநீலம் ஏற்றுகிறார்களே, அது மிக மெல்லிய ஆக்சைடு படலம். பளபளப்பு அந்தப் படலத்தில் இல்லை. அதற்கு முன்னால் பஃப் என்னும் மெருகேற்றும் துணிச் சக்கரத்தில் எவ்வளவு நேரம் பிடித்தார்கள் என்பதில் இருக்கிறது. அந்த நேரம்தான் காசு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் தன் விக்டரி மாடல் ரிவால்வரில் அந்த வேலையை விட்டுவிட்டு மங்கல் சாம்பல் நிறத்தோடு அனுப்பியது. கோல்ட் நிறுவனம் கமாண்டோ ரிவால்வரில் அதையே செய்தது. 1980களில் ஏஜென்ட் என்ற இரண்டு அங்குலக் குழல் ரிவால்வரையும் கோல்ட் மங்கலாகவே விற்றது. அதன் உள்ளே இருந்ததோ 1927இல் வந்த டிடெக்டிவ் ஸ்பெஷலின் வழிவந்த பொறியமைப்பு. வெளியே சிக்கனம், உள்ளே பழைய கைப்பக்குவம்.

ஆகவே மேலே கத்தித் தடம் தெரிந்தால் அது செலவுக் கணக்கு. எங்கே தெரிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். விசைக் காப்பு வளையத்தின் உள்பக்கம் அரத்தடம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். தோட்டா உருளையிலிருந்து குழலுக்குள் நுழைகிற கூம்புவாயில் சொரசொரப்பு இருந்தால் ஈயம் அங்கே அப்பிக்கொள்ளும். அது தரக்குறைவு.

சோதிக்கும் முறை வேறு. உருளையைத் திறந்து எல்லா அறையும் காலி என்று முதலில் கண்ணால் பார்த்துவிட்டு மூட வேண்டும். சுத்தியை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் பாகத்தை, மெதுவாகப் பின்னால் இழுத்தால், அது கடைசிவரை போவதற்குள் உருளை வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். ஐந்து அறை ஒழுங்காக வந்து ஆறாவது பிந்துவது உண்டு. அப்புறம் சுத்தியைக் கட்டைவிரலால் தாங்கி இறக்கிவிட்டு, விசையை அழுத்தியபடியே உருளையை விரலால் அசைத்துப் பாருங்கள். பழைய கோல்ட் என்றால் அசையவே கூடாது. உருளையைத் திருப்புகிற நகம் அதைத் தடுப்புக் கட்டையோடு சேர்த்து நெருக்கி நிற்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் துளி ஆட்டம் இருக்கும், அது குறையல்ல. கோல்டின் இறுக்கத்துக்கும் விலை உண்டு: நகம் சீக்கிரம் தேயும். உருளையின் முகத்துக்கும் குழலுக்கும் நடுவில் ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, விட்டால் 0.15 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். இதெல்லாம் பளபளப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயமா?

சொல்லப்போனால், பளபளவென்று இருக்கும் பழைய ரிவால்வரைத்தான் நான் சந்தேகப்படுவேன். பின்னாளில் யாராவது பஃப் போட்டு மறுபடி நீலம் ஏற்றியிருந்தால், திருகுத் துளையின் விளிம்பு கிண்ணம்போல் குழிந்திருக்கும். பொறித்த எழுத்துகள் கரைந்திருக்கும். பக்கத் தகடு உடலோடு சேரும் கோடு, மயிரிழையாக இருக்க வேண்டியது, மழுங்கி அகன்று தெரியும். எளிமையாக விடப்பட்டு, அப்படியே இருப்பதில் ஓரங்கள் கூராக நிற்கும்.

பட்டறையில் பேசும்போது உள்ளே நடப்பது உள்வேலை, வெளியே செய்வது மேல்வேலை. மேல்வேலை எளிது, உள்வேலை சுத்தம் என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. தம்பி, இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்: பெயர்ப்பாளன்

கடைசல் அண்ணா, அத்தியாயம் பாதி முடிந்த மாதிரி. சொல்லைப் போட்டுப் பார்த்தேன்: 'எளிய மேல்வேலை கொண்ட இந்த ரிவால்வரில் உள்வேலையின் தரமே விலையைத் தீர்மானிக்கிறது.' இடறாமல் ஓடுகிறது. 'மெருகிடாத இந்த ரிவால்வரில்' என்றும் போட்டேன். அதுவும் ஓடுகிறது, ஆனால் மூன்று பத்தி தள்ளி 'மேட் ஃபினிஷ்', 'ஒரிஜினல் ஃபினிஷ்', 'ரீஃபினிஷ்' என்று வரிசையாக வருகின்றன. பெயரெச்சத்தை வைத்துக்கொண்டு அவற்றைச் சமாளிக்க முடியாது. மங்கல் மேல்வேலை, மூல மேல்வேலை, மறு மேல்வேலை என்றால் ஒரே குடும்பமாக நிற்கின்றன.

அனுப்புநர்: புலவர்

மேல்வேலையா! சமையல் நீங்கலாக வீட்டில் பாத்திரம் துலக்கிப் பெருக்கித் துடைப்பதற்குப் பெயர் மேல்வேலை. 'மூல மேல்வேலை' என்று படிக்கிறவர் சிரிப்பார். தமிழுக்கு வந்த சோதனை.

கடைசல் அவர்கள் 'சுத்தி' என்று எழுதியதையும் பார்த்தேன். அதற்கு நம்மிடம் 'குதிரை' என்ற அருமையான சொல் இருந்தது. துப்பாக்கிக் குதிரை.

அனுப்புநர்: அகரமுதலி

குதிரையைச் சிலர் விசைக்கும் சிலர் சுத்திக்கும் சொல்வார்கள். மதிப்பீட்டுக் கையேட்டில் எந்தக் குதிரை என்று யார் கண்டது? அதைக் கொட்டிலிலேயே கட்டி வையுங்கள், ஐயா.

மேல்வேலை வீட்டு வேலையை நினைவூட்டும் என்பது உண்மைதான். 'மேல்வேலைப்பாடு' என்று நீட்டலாமா என்று யோசித்தேன். ஆனால் வேலைப்பாடு என்றாலே சித்திர வேலை கண்முன் வந்துவிடும், 'எளிய' அடிபட்டுப்போகும். வேண்டாம். இடத்தைப் பார்த்து வாசகர் புரிந்துகொள்வார். என் மனம் இன்னும் மெருகின் பக்கம்தான். ஆனாலும் 'ரீஃபினிஷ்' வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. 'மறுமெருகு' என்றால், முதலில் மெருகு இருந்தது என்றாகிவிடும். மங்கலாக வந்த துப்பாக்கிக்கு அது பொய். போகட்டும், மேல்வேலை.

அனுப்புநர்: கடைசல்

பெயர் எதுவானாலும் சரி, அந்த மறு மேல்வேலை அடையாளங்களை மட்டும் சுருக்கிவிடாதீர்கள். திருகுத் துளை, எழுத்து, பொருத்துக் கோடு, மூன்றும் வர வேண்டும். வாங்குகிறவன் ஏமாறுவது அங்கேதான்.

அனுப்புநர்: பெயர்ப்பாளன்

அண்ணா, மூன்றும் வருகின்றன. மேல்வேலை என்றே அனுப்பப்போகிறேன். முதல் முறை வரும் இடத்தில், வெளிப்பரப்பில் செய்த தீட்டலும் பூச்சும் என்று ஒரு வரி விளக்கம் சேர்த்துவிட்டேன். புலவர் ஐயாவின் 'திருத்தம்' சொல்லடைவில் மாற்றுச் சொல்லாக இடம்பெறும்.

அனுப்புநர்: புலவர்

மாற்றுச் சொல்லாக! ஔவையார் சொல் சொல்லடைவில், பட்டறைச் சொல் பத்தியில். பெரும்பான்மை வாழ்க. நான் உடன்படவில்லை என்பது பதிவில் இருக்கட்டும்.

அப்புறம், உங்கள் வரைவில் 'சப்பை மூக்கு ரிவால்வர்' என்று ஓரிடத்தில் கண்டேன். சப்பை என்பது தட்டையானது. இங்கே குழல் தட்டையாகவா இருக்கிறது? குட்டையாக இருக்கிறது. 'குறுமூக்கு' என்று தனி இழை தொடங்குகிறேன்.