முதல் தடவை ஜப்பான்: பன்னிரண்டு நாளில் எட்டு ஊர் கட்டுப்படியாகுமா?

கோத்தகிரி_மழை

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் முதல் முறையாக ஜப்பான் போகலாம் என்று இருக்கிறோம். கோத்தகிரிக்குக் கொஞ்சம் தள்ளி இரண்டு ரூம் ஹோம்ஸ்டே நடத்துகிறோம், கூடவே ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஏப்ரல், மே சீசனில் வீட்டை விட்டு நகர முடியாது, ஆயுத பூஜை லீவிலும் அதே கதைதான், அதனால் நவம்பர் கடைசியில் கிளம்பி மொத்தம் பன்னிரண்டு நாள். கோவையிலிருந்து சிங்கப்பூரில் மாறி டோக்கியோ போய், டோக்கியோவிலிருந்தே திரும்புகிற மாதிரி டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறோம், இன்னும் போடவில்லை.

அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பது இது: டோக்கியோ, ஹக்கோனே, தக்கயாமா, கனசவா, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா. எட்டு ஊர்! எனக்குப் படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. எங்கள் வீட்டில் தங்குகிறவர்கள் ஒரே நாளில் ஊட்டி, பைக்காரா, குன்னூர், கொடநாடு எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரி தலை சுற்றி வந்து இறங்குவார்களே, அந்த முகங்கள்தான் ஞாபகம் வருகின்றன. "இவ்வளவு காசு போட்டுப் போகிறோம், திரும்பவுமா போகப் போகிறோம்" என்கிறார் அவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அப்புறம் சாப்பாடு. நான் எதையும் ஒரு கை பார்ப்பேன். அவர் சைவம், முட்டை மட்டும் சேர்ப்பார். ஜப்பான் ரயில்களில் இத்தனை நாள் என்று இஷ்டத்துக்குப் போய் வருகிற ஜேஆர் பாஸ் வாங்க வேண்டுமா என்பதையும் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வெலிங்டன்_வாசல்

அக்கா, நாங்கள் போன வருஷம் இதே நவம்பரில் போய் வந்தோம். முதலில் அந்த டிக்கெட்டைப் போட்டுவிடாதீர்கள். டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து கிளம்புகிற மாதிரி பாருங்கள், ஒசாகாவிலிருந்தும் சிங்கப்பூருக்கு விமானம் உண்டு. இல்லையென்றால் கடைசி நாளில் ஐந்நூறு கிலோமீட்டர் திரும்பி டோக்கியோவுக்கு ஓட வேண்டும், அரை நாளும் ஆளுக்குப் பதினாலாயிரம் யென்னும் போய்விடும். ஒரு யென் அறுபது பைசா என்று தோராயமாகப் போட்டுக்கொண்டால் கணக்குப் பார்ப்பது சுலபம்.

பாஸ் வேண்டாம். 2023 அக்டோபருக்கு முன்னால் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது, அதை 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒரு வழி 14,000, ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா போய்த் திரும்ப 21,000 என்று வைத்தாலும் 35,000தான் வருகிறது. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு இன்னமும் "பாஸ் வாங்கு, பாஸ் வாங்கு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊருக்குள் மெட்ரோ, பஸ், கடை எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே காசு போட்டு வைத்துக்கொள்கிற சுயிகா அல்லது இகோகா கார்டு ஆளுக்கு ஒன்று போதும்.

எட்டு ஊரில் தக்கயாமா, கனசவா இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுங்கள். நல்ல ஊர்கள்தான், ஆனால் தக்கயாமா மலையும் குளிருமாக இருக்கும், அதற்கு நாம் ஏன் கடல் தாண்டிப் போக வேண்டும்? டோக்கியோவில் ஐந்து ராத்திரி, ஒசாகாவில் ஆறு ராத்திரி, இரண்டே இடத்தில் பெட்டியைத் திறங்கள். கியோட்டோவில் ஏன் தங்கவில்லை என்று கேட்பீர்கள். நவம்பர் கடைசி அங்கே இலை சிவக்கிற உச்சம், ரூம் வாடகை நம் ஊர் மே மாதத்தைவிட மோசம். ஒசாகாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம், அறுநூறு யென் சுமாருக்குப் போய்விடலாம்.

யாரும் சொல்லாத ஒன்று: அந்தச் சமயத்தில் கியோட்டோவில் நாலே முக்கால் மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், பெரும்பாலான கோயில்களும் ஐந்துக்குள் கதவைச் சாத்துகின்றன. நாங்கள் பத்து மணிக்கு நிதானமாகக் கிளம்பி முதல் நாளையே கோட்டை விட்டோம். ஏழு மணிக்கு வெளியே இருக்க வேண்டும். ஸ்வெட்டருக்காகக் காசு செலவழிக்காதீர்கள், உங்கள் வீட்டு ஜனவரிக்கு என்ன போடுகிறீர்களோ அதுவே தாராளம்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது வலது கைப் பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள், வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலை தெரியும். பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற வேண்டாம், ஹோட்டலில் கொடுத்தால் தக்யூபின் என்ற சர்வீஸில் பெரும்பாலும் மறுநாளே ஒசாகா ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு அந்த நாட்டிலேயே ரொம்பப் பிடித்தது அதுதான், கோயிலைவிட!

கொடை_பேரிக்காய்

சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். நானும் சைவம், கொடைக்கானல்.

தங்கச்சி, அங்கே சிக்கல் கறியோ மீன் துண்டோ இல்லை, அது கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். சிக்கல் தாஷி. நம் பக்கம் மாசிக் கருவாடு என்பார்களே, கிட்டத்தட்ட அதே சூரை மீனைப் புகை போட்டுக் காயவைத்து, மரத்தூள் மாதிரி சீவி, கொதிக்கவைத்து எடுத்த சாறு. மீசோ சூப், உடோன், சோபா என்கிற நூடுல்ஸ், டெம்புரா பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்வது, ஏன், முட்டை ஆம்லெட்டில்கூட அது இருக்கும். "வெஜிடேரியன்" என்று சொன்னால் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சாற்றில் சிரித்த முகத்தோடு கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்களுக்கு அது உப்பு மாதிரி. அதனால் "கறி, மீன், மீன் சாறு எதுவும் வேண்டாம், முட்டை, பால் பரவாயில்லை" என்று ஜப்பானிய மொழியில் எழுதின சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

டோக்கியோ ஸ்டேஷனில், டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயே, டீஸ் தான்தான் என்று ஒரு ராமென் நூடுல்ஸ் கடை இருக்கிறது, பால், முட்டைகூடச் சேராத முழு வீகன், எள் அரைத்து ஊற்றின காரக் குழம்பு. நான் மூன்று தடவை போனேன். கியோட்டோவில் புத்த மடத்துச் சமையல் ஷோஜின் ரியோரி, விலை கூடுதல், ஒரு வேளையாவது சாப்பிடுங்கள். நான்ஸென்ஜி கோயில் பக்கம் டோஃபுவை வெந்நீர்ச் சட்டியில் போட்டுத் தருகிற கடைகள் இருக்கின்றன, அங்கேயும் சீட்டைக் காட்டிவிட்டு உட்காருங்கள். நவம்பரில் தணலில் சுட்ட சர்க்கரைவள்ளி கிடைக்கும், தேன் ஒழுகும். ஒன்றும் கிடைக்காத நாளில் செவன் இலெவனில் வெறும் சோற்றுப் பாக்கெட்டைச் சூடு பண்ணி, தயிர் வாங்கி, வீட்டு ஊறுகாயோடு பிசைந்துகொள்ளலாம். கறிவேப்பிலை, பழம் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள்.

உங்களுக்கு ஒசாகா போதும். தோத்தோன்போரி கடைத்தெருவில் ஆக்டோபஸ் போட்ட பணியாரம் மாதிரி தக்கோயாகி, முட்டைக்கோஸ் அடை மாதிரி ஓக்கோனோமியாகி. மேலே தூவின சீவல் சூட்டில் உயிரோடு நெளிகிற மாதிரி ஆடும், அதுதான் அந்த மாசி, அவரிடம் காட்டிவிடுங்கள்.

வெலிங்டன் தம்பி ஹிரோஷிமாவை டிக்கெட் கணக்குக்கு மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அதை விடாதீர்கள். ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரம், விடியற்காலை போனால் ராத்திரி திரும்பிவிடலாம். அங்கே அணுகுண்டு நினைவு அருங்காட்சியகத்தில் எரிந்துபோன ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. அன்றைக்கு வேறு எந்த இடமும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

லவ்டேல்_ஸ்டேஷன்

எல்லோரும் ஹக்கோனேயை மறந்துவிட்டீர்கள். நம் மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறுகிறது, அதற்குத்தான் நடுவில் பல் தண்டவாளம். ஹக்கோனே தோசான் ரயில் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறுகிறது, ஆனால் பல் கிடையாது! வெறும் சக்கரப் பிடிப்பில், மூன்று இடத்தில் முன்னும் பின்னுமாகத் திரும்பித் திரும்பி ஏறும். 1919-இல் ஓட ஆரம்பித்தது. 2019 புயலில் பாதை அடித்துக்கொண்டு போய், 2020 ஜூலையில்தான் திரும்ப முழுக்க ஓடியது. நவம்பர் மழைக்கு ஹில்குரோவ் பக்கம் மண் சரிந்து நம் ரயில் நிற்பதைப் பார்த்துப் பழகின நமக்கு அது ஒன்றும் புதிதில்லை. டோக்கியோவின் ஷின்ஜுக்கு ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மணி நேரம், ஒரு பகல் போதும்.

வெலிங்டன்_வாசல்

ஹக்கோனே சரி, ஹிரோஷிமாவும் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேயிலைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது உஜி என்ற தேயிலை ஊர். கியோட்டோவிலிருந்து நாரா போகிற ரயில் பாதையில்தான் வரிசையாக இனாரி, உஜி, நாரா மூன்றும் வருகின்றன. காலை ஏழுக்கு ஃபுஷிமி இனாரி, சிவப்பு வாசல் வரிசை, டிக்கெட் கிடையாது, ராத்திரியும் திறந்தே இருக்கும். பத்து மணிக்கு உஜி. நாரா மானை இன்னொரு நாள் பாருங்கள்.

உஜியில் கொழுந்தை வாட்டுவதே இல்லை, பறித்ததும் ஆவியில் வைத்துவிடுகிறார்கள், அதனால்தான் பச்சை போகாமல் நிற்கிறது. மாட்சா என்கிற பச்சை டீத் தூளுக்கான செடியைப் பறிப்பதற்கு முன்னால் மூன்று வாரம் பந்தல் போட்டு மூடி வைப்பார்களாம். அவர்கள் பறிப்பு மே மாதம், நீங்கள் போகும்போது தோட்டத்தில் வேலை நடக்காது, கடைத்தெரு முழுக்க இலை வறுக்கிற வாசனைதான். ஹோஜிச்சா என்று வறுத்த டீ ஒன்று, அண்ணனுக்கு அதுதான் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஆற்றங்கரையில் பியோதோயின் கோயில், 1053-இல் கட்டின மண்டபம், பத்து யென் காசில் இருப்பது அதுதான்.

கோத்தகிரி_மழை

எல்லோருக்கும் நன்றி. நோட்டில் எட்டு ஊரில் இரண்டை அவரே பேனாவால் அடித்துவிட்டார், உஜியைப் படித்ததும் வேறு பேச்சே இல்லை. ஒசாகாவிலிருந்து திரும்புகிற டிக்கெட்டை இன்றைக்குப் பார்க்கிறோம், விசாவுக்கு நாள் வாரியாக எங்கே இருக்கிறோம் என்று தாள் கேட்பார்களாமே, அதையும் இப்போதே எழுதிவிடலாம். இப்போது அவர் கேட்கிற கேள்வி, உஜி கடைக்காரருக்கு நம் வீட்டுத் தூள் ஒரு பாக்கெட் கொண்டு போகலாமா என்று.

வெலிங்டன்_வாசல்

பதப்படுத்திய டீ என்றால் தடையில்லை. ஆனால் அக்கா, டஸ்ட் வேண்டாம். ஜனவரி உறைபனிக் கொழுந்தில் செய்த ஆர்த்தடாக்ஸ், அதாவது தூளாக்காமல் இலையாகவே சுருட்டின டீ, யாரிடமாவது நூறு கிராம் வாங்கிக்கொண்டு போங்கள்.