கவனிக்கப்படாத இளம் டிஃபெண்டர்கள்: நீங்கள் நேரில் பார்த்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

பெண்டிகோ ரசிகன்:

எங்கள் வட்டார கிளப்புக்காக இளம் ஆட்டக்காரர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சில சீசன்களாக இருக்கிறேன். ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் முதன்மை லீக்கான ஏஎஃப்எல்லில், கிளப்கள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பெயர் வராமல் போன பையன்கள்தான் எங்களுக்குக் கிடைப்பார்கள். அவர்களில் டிஃபெண்டர்களைத் தேடுவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. கோல் அடிக்கிறவன் பெயர் எப்படியும் ஊருக்குத் தெரிந்துவிடும். பின்வரிசையில் ஒருவன் நன்றாக ஆடினால், எதிரணி அவன் இருக்கிற பக்கமே பந்தை உதைக்காது. ஆட்டம் முடிந்து கணக்கைப் பார்த்தால் அவன் பந்தைத் தொட்டது ஏழெட்டுத் தடவைதான் இருக்கும். தாளை மட்டும் பார்க்கிறவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

அதனால் நான் பக்கவாட்டில் உட்காருவதில்லை. கோல் கம்பங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பக்கவாட்டில் இருந்தால் கண் பந்தோடு ஓடிவிடும். பின்னால் நின்றால்தான், பந்து எண்பது மீட்டர் தள்ளி இருக்கும்போது இவன் என்ன செய்கிறான் என்று தெரியும்.

ஒரு ஜூலை மாதம், குயின் எலிசபெத் ஓவலில் 18 வயதுக்குட்பட்டோர் ஆட்டம். காலையிலிருந்து தூறல், பந்து சோப்புப் போல வழுக்குகிறது. கோலுக்கு நேர் முன்னால் காக்கும் ஃபுல் பேக் இடத்தில் ஒல்லியாக, நெட்டையாக ஒரு பையன். அவனுக்கு எதிரே நின்ற ஃபார்வர்ட் தோளில் ஒன்றரை மடங்கு இருப்பான். உயரமாக ஒரு பந்து வந்தது. ஃபார்வர்ட் முதுகைக் கொடுத்து இடத்தைப் பிடித்துவிட்டான். பையன் முட்டி மோதவில்லை. அரை அடி பக்கவாட்டில் விலகி எழும்பி, இடது முஷ்டியால் பந்தை எல்லைக்கோட்டுப் பக்கமாகக் குத்தித் தள்ளினான். எதிரணியின் சின்னப் பையன்கள் இரண்டு பேர் முன்னால் காத்துக்கொண்டிருந்தார்கள். அவன் நேராகக் குத்தியிருந்தால் அது கோல். தரையில் விழுந்தவன் எழுந்திருக்கும்போதே கையை நீட்டி, தனக்கு முன்வரிசையில் காக்கும் ஹாஃப் பேக் பையனை எங்கே போய் நிற்க வேண்டும் என்று காட்டுகிறான்.

மூன்றாவது குவார்ட்டரில் இன்னொன்று. எதிராளி உதைப்பதற்கு முன்பே இவன் தன் ஆளை விட்டுவிட்டுக் குறுக்கே ஓடி, பந்து வந்து சேரும் இடத்தில் தனியாக நின்று மார்க் எடுத்தான், அதாவது உதைத்த பந்தைத் தரையில் விழவிடாமல் பிடித்தான். பின்னால் அவனிடம் கேட்டேன். உதைக்கிறவன் பந்தைக் கையிலிருந்து விடும்போது இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பேன் என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது.

டிராஃப்டுக்கு முன்னால் நடக்கும் சோதனைகளில் இருபது மீட்டர் ஓட்டம், இரண்டு கிலோமீட்டர் ஓட்டம், எகிறும் உயரம் எல்லாம் அளக்கிறார்கள். பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே கணிப்பதை அளக்க முடியாது. அப்புறம், நெட்டைப் பையன்களுக்கு உடம்பு தேற இருபத்தொன்று, இருபத்திரண்டு ஆகிவிடும். தேர்வோ பதினெட்டில் நடக்கிறது. நல்ல டிஃபெண்டர்கள் பலர் விடுபடுவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஜீலாங்வாசி:

அண்ணா சொல்வதற்கு எங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறார். டாம் ஸ்டூவர்ட் சவுத் பார்வன் என்ற கிளப்பில் உள்ளூர் லீக் ஆடிக்கொண்டிருந்தவர். ஜீலாங்கின் விஎஃப்எல் (ஏஎஃப்எல்லுக்கு அடுத்த நிலை லீக்) அணிக்கு வந்து, 2016 டிராஃப்டில் 40-ஆவது தேர்வாக எடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 23. இரண்டாவது சீசனிலேயே, 2018-இல், அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல் ஆஸ்திரேலியன் அணியில் இடம். 2022-இல் கோப்பை. உள்ளூர் ஆட்டங்களுக்குப் போகும்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுக்காரர்களையும் விடாமல் பார்க்கிறேன் என்றால் அவரால்தான். 2019-இல் சீசன் நடுவே புதுமுகங்களை எடுக்கும் ரூக்கி டிராஃப்ட் திரும்ப வந்ததிலிருந்து அவர்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது.

பெர்த்திலிருந்து:

ஜெரமி மெக்கவர்னை விட்டுவிடாதீர்கள். ரூக்கி பட்டியல் வழியாக எங்கள் ஊர் ஏஎஃப்எல் கிளப்பான வெஸ்ட் கோஸ்டுக்கு வந்தவர், முதல் ஆட்டம் ஆட 2014 வரை காத்திருந்தார். 2018 இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் காலிங்வுட் முன்னிலையில் இருந்தது. பின்வரிசையில் அவர் எடுத்த மார்க்கிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அவர் வார்டிக்கு உதைத்தார், வார்டி லியம் ரயனுக்கு, ரயன் டொம் ஷீடுக்கு. எல்லைக்கோட்டை ஒட்டிய இடத்திலிருந்து ஷீட் அடித்த கோலில் வெஸ்ட் கோஸ்ட் 5 புள்ளியில் வென்றது. எல்லோரும் ஷீடின் கோலைப் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். நான் அந்த வீடியோவை எப்போதும் மெக்கவர்னிலிருந்து ஆரம்பித்துப் பார்ப்பேன்.

டாண்டினாங் அம்மா:

என் மகனுக்குப் பதினேழு வயது, ஹாஃப் பேக். கிளப்களுக்கு அனுப்ப வீடியோ தயார் செய்யச் சொல்கிறார்கள். அவன் ஆட்டத்தில் வெட்டி ஒட்டுகிற மாதிரி பெரிதாக ஒன்றுமே இல்லையே, எதை அனுப்புவது?

பெண்டிகோ ரசிகன்:

அக்கா, வெட்டி ஒட்டவே வேண்டாம். ஒரு குவார்ட்டரை முழுதாக, கோலுக்குப் பின்னால் கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து எடுங்கள். பந்தைத் துரத்தாமல், மகனும் அவனைச் சுற்றியுள்ள நாலைந்து பேரும் திரையில் இருக்கிற மாதிரி கேமராவை வையுங்கள். சத்தத்தையும் நீக்காதீர்கள், அவன் சக ஆட்டக்காரர்களிடம் கத்திப் பேசுவது காதில் விழ வேண்டும். முடிந்தால் அவன் அணி தோற்ற ஆட்டமாகப் பார்த்து அனுப்புங்கள். அதில்தான் பந்து அவன் பக்கம் நிறைய வந்திருக்கும்.