மறு: டியூப்லெஸ் – குழலிலியா, தூம்பிலியா?

வணக்கம்.

சைக்கிள் டயர் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். உள்ளே டியூப் இல்லாத டயரைக் குறிக்கும் டியூப்லெஸ் என்ற ஒரு சொல்லுக்கே குழலிலி, தூம்பிலி, உட்குழலற்ற உருளிப்பட்டை என்று மூன்று வந்துவிட்டன. டயரை ரிம்மில் ஏற்றும்போது வாயில் வரவேண்டிய சொற்களுக்கு இன்னும் ஒன்றுகூட வரவில்லை.

> 'குழலிலி' சுருக்கமாக இருக்கிறது. கம்பியில்லாத் தந்தி என்று சொன்னவர்கள்தானே நாம்?

சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேகமாக இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதைவிடப் பெரிய சங்கதி, நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடைப் பலகைகளில் 'டியூப்லெஸ் பஞ்சர்' என்று தமிழ் எழுத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். கார், பைக் வழியாக வந்து ஊறிப்போன சொல். அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

சைக்கிளுக்கு இது பிந்தி வந்தது. 1999இல் மாவிக் நிறுவனம் மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது; சாலைச் சைக்கிளுக்கு 2006 வாக்கில் ஹட்சின்சன் டயரும் ஷிமானோ சக்கரமும் சேர்ந்து வந்தன. கார் டயரை எந்திரம் ஏற்றிவிடும். சைக்கிளில் நம் கட்டைவிரல்தான் ஏற்ற வேண்டும். அதனால் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பெயர் தேவைப்படுகிறது.

> பீடுக்கு 'மணி' என்று போடலாமா?

வேண்டவே வேண்டாம். பீட் (bead) என்பது டயரின் இரு ஓரங்களிலும் உள்ளே ஓடும் நீளாத வளையம். 'டயர் கம்பி' எனலாம் என்றால், சாலைச் சைக்கிளின் டியூப்லெஸ் டயர்களில் பெரும்பாலும் எஃகுக் கம்பி கிடையாது, அராமிட் போன்ற உறுதியான செயற்கை இழைதான். 'ஓரவடம்' என்று வைப்போம். இரும்பானாலும் இழையானாலும் வடம் வடம்தான். இழுத்தால் நீளாது என்பதும் அதற்குள் இருக்கிறது.

அந்த ஓரவடம் போய் அமரும் மேடை ரிம்மின் இரு பக்கமும் இருக்கிறது. அதற்குத் 'திண்ணை'. நடுவில் இருக்கும் தாழ்வான பகுதிக்கு 'நடுப்பள்ளம்'. இப்போது வேலையைச் சொல்லிப் பார்க்கிறேன், சொற்கள் தாங்குகின்றனவா பாருங்கள்:

வால்வுக்கு நேரெதிரில் தொடங்கி ஓரவடத்தை ரிம்முக்குள் தள்ளு. தள்ளிய இடமெல்லாம் நடுப்பள்ளத்தில் இறங்கியிருக்கிறதா என்று கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே வா. அங்கே விட்டம் குறைவு, கடைசியில் தேவைப்படும் தளர்வு அதிலிருந்துதான் கிடைக்கும். வால்வில் முடி. வால்வின் ரப்பர் அடி பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே வடம் இறங்காது. அதனால் வால்வில் தொடங்கி எதிர்ப்பக்கம் முடிக்கப் பார்ப்பவன் கைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். பிறகு ஓரத்தில் சோப்பு நீர் தடவி, வால்வுக்குள் திருகியிருக்கும் வால்வ் கோரைக் கழற்றிவிட்டு, ஒரே மூச்சாகக் காற்றடி. இரு வடமும் டப், டப் என்று திண்ணையில் ஏறி உட்காரும்.

'உட்காரும்' என்றுதான் எழுதினேன். பஞ்சர் போடுகிறவரும் 'டயர் உட்காரலை' என்றுதான் சொல்வார். 'அமர்வு' என்று பெயர்ச்சொல்லாக்கினால் மாநாட்டு அழைப்பிதழ் போல ஆகிவிடும். கலைச்சொல் வினையாகவே இருக்கட்டுமே, என்ன குறை?

> சீலன்ட் – 'முத்திரைப்பி', 'அடைப்பான்'

முத்திரைப்பியைப் பார்த்ததும் பதிவாளர் அலுவலகம்தான் ஞாபகம் வருகிறது. அடைப்பான் பரவாயில்லை, ஆனால் கால்நடைகளுக்கு வரும் நோய்க்கு அந்தப் பெயர் உண்டு, கார்க்குக்கும் சொல்கிறார்கள். ஓட்டை விழுந்தால் தானாக அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம் இது; அந்தக் குப்பியில் இருப்பது என்ன என்று பாருங்கள். பெரும்பாலான சீலன்ட்களின் அடிப்படை இயற்கை ரப்பர் பால்தான். கூடவே நார், துகள்கள், உறையாமலிருக்கச் சிலவற்றில் அமோனியா. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களுக்கு இந்த வேதியியலை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலைப் பாலாகவே வைத்திருக்க அமோனியா, ஷீட் அடிக்க ஆசிட் ஊற்றி உறையவைப்பது, மரப்பட்டையிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டது ஒட்டுப்பால். மலேசியாவில் மரத்துக்கே பால்மரம் என்று பெயர்.

ஆகவே 'அடைபால்'. ஊறுகாய் போல வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. அதோடு சேரும் வினைகளும் தாமாக வந்துவிடுகின்றன: 28 மி.மீ. டயருக்கு 30, 40 மி.லி. அடைபால் ஊற்று, முள் குத்திய இடத்தில் அடைபால் உறைந்து ஓட்டை மூடிக்கொண்டது, நம்மூர் வெயிலுக்கு அடைபால் சீக்கிரம் வற்றிவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கொரு தடவை பார். வழியில் கார்பன் டை ஆக்சைடு குப்பியால் காற்றடித்தால் சிலவகை அடைபால் திரிந்து கட்டியாகிவிடும், இதற்கும் தனிச்சொல் தேடி அலைய வேண்டாம். ரப்பர் பாலே கலக்காத செயற்கை வகையும் விற்கிறதே என்று ஒருவர் கேட்பார். தேங்காய்ப் பாலை எந்த மாடு கறந்தது?

அடைபாலுக்கு அடங்காத பெரிய ஓட்டையில் சொருகும் ரப்பர் துண்டுக்குத் 'திரி' போதும்.

> ஹூக்லெஸ் ரிம்முக்கும் உங்கள் வாதப்படி அப்படியே விட்டுவிடலாமா?

இல்லை. இங்கே இல்லாமையைச் சொல்லியே ஆக வேண்டும். ரிம் சுவரின் உட்பக்கம் டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இல்லை என்பது ஓட்டுகிறவருக்கான எச்சரிக்கை. தர அமைப்பான ஈடிஆர்டிஓ அந்த ரிம்களுக்கு 5 பார், அதாவது சுமார் 72.5 பிஎஸ்ஐக்கு மேல் காற்று கூடாது என்கிறது. பழைய 23 மி.மீ. டயருக்கு 100 பிஎஸ்ஐக்கு மேல் அடித்துப் பழகிய கை, பழக்கதோஷத்தில் அடித்துவிட்டால் ஓரவடம் சுவரைத் தாண்டி வெளியே வந்துவிடக்கூடும். 'கொக்கியில்லா ரிம்' என்று எழுதினால், ஒருவர் பம்பைக் கையில் எடுக்கும்முன் ஒரு கணமாவது யோசிப்பார். டியூப் இல்லாதது அப்படி யாருக்கும் ஆபத்தான செய்தியல்ல.

> பர்ப் – ஏப்பம்

நம்மிடம் ஏப்பம் விட்டால் பணம் காணாமல் போகும். பள்ளத்தில் இடித்ததும் வடம் ஒரு நொடி விலகி, காற்றும் அடைபாலும் பீச்சியடிப்பதைக் 'கக்கல்' என்றால் தெளிவாக இருக்கும். டயர் கக்கிவிட்டது. முடிந்தது.

இலங்கை நண்பர்கள் ரயர், ரியூப் என்று எழுதுவார்கள். அந்த வடிவங்களையும் பக்கத்திலேயே பதிவோம், இதில் சண்டை வேண்டாம்.

மீதமிருப்பது ரிம் டேப். டியூப் உள்ள சக்கரத்தில் போக்ஸ் கம்பித் துளைகள் டியூபைக் கிழிக்காமல் காப்பது அதன் வேலை. இங்கே காற்றையே வெளியே விடாமல் பிடிக்கிறது, சுருக்கமோ குமிழோ விழுந்தால் ராத்திரிக்குள் டயர் தட்டையாகிவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் போதுமா, இரண்டு வேண்டுமா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் விக்சனரி இணைய அகராதியில் ஏற்றிவிடுகிறேன்.