புதுப்பிப்பு: பிக்கப் கிரில் ஷட்டர் கோளாறு

பனி கொட்டிய மறுநாள் என் பிக்கப்பில் இன்ஜின் விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் பி059எஃப் (கிரில் ஷட்டர், அதாவது ரேடியேட்டருக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்க மோட்டாரால் திறந்து மூடும் தகடுகள், சரியாக இயங்கவில்லை என்ற எரர்) வந்தது என்று எழுதியிருந்தேனே, காரணம் பிடிபட்டுவிட்டது. முன்பக்க கிரில்லைக் கழற்றினால், ஷட்டரின் கீழ்த் தகடுகளின் முனையில் சாலை உப்பும் சேறும் கெட்டிப்பட்டுக் கிடந்தன. தகடு அசையாமல் மோட்டார் மட்டும் முட்டி முட்டி, உள்ளே பிளாஸ்டிக் பல் மழுங்கிப்போயிருந்தது. டீலர் முழு செட்டையும் மாற்றச் சொன்னார். நான் மோட்டாரை மட்டும் மாற்றினேன். சாவி போட்டதும் தகடுகள் ஒருமுறை முழுக்கத் திறந்து மூடின. அழித்த எரர் திரும்ப வரவில்லை.

அந்தப் பதிவைப் பார்த்து, ஷட்டர் மோட்டாரின் வயரைப் பிடுங்கிவிடச் சொன்னவர்களுக்கு: தகடுகள் திறந்தபடி நின்றால் மைலேஜ்தான் கொஞ்சம் அடிபடும். மூடியபடி நின்றுவிட்டால், டிரெய்லர் இழுக்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று போதாமல் சூடேறிவிடும். வேகமாகப் போகும்போது பம்பருக்கு அடியில் இறங்கும் ஏர் டேமும் (காற்றுத் தடுப்புப் பலகை) இப்போது முனகுகிறது. அதை இன்னும் தொடவில்லை.