குடும்பக் குழு: படிக்கத் தெரியாதவர் உருவாக்கிய எழுத்து

முத்து மாமா: கவிதா, எழுத்தை எல்லாம் யார் கண்டுபிடித்தது என்று உன் மகள் நேற்று கேட்டாளே. பெரும்பாலான எழுத்துகளுக்கு ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. ஒன்றுக்குச் சொல்லலாம். அமெரிக்காவின் பூர்வகுடிகளில் ஒரு பிரிவான செரோக்கி மக்களுக்கு எழுத்து தந்தவர் செக்வோயா. வெள்ளி வேலை செய்தவர். எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது.

அருண்: படிக்கவே தெரியாமல் எப்படி மாமா?

முத்து மாமா: வெள்ளைக்காரர்கள் தாளில் கிறுக்கினால் தூரத்தில் இருப்பவருக்குச் சேதி போகிறது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நம் மொழிக்கும் அது முடியும் என்று 1809 வாக்கில் உட்கார்ந்துவிட்டார். முதலில் ஒரு சொல்லுக்கு ஒரு குறி போட்டுப் பார்த்தார்.

வள்ளி சித்தி: அது எங்கே முடியும் அண்ணா? ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டுமே.

முத்து மாமா: அதனால்தான் அதைக் கைவிட்டார் வள்ளி. அப்புறம் பேச்சைக் காதால் கேட்டுக் கேட்டு, எந்தச் சொல்லை எடுத்தாலும் அதே சில அசைகள் திரும்பத் திரும்ப வருவதைப் பிடித்தார். அசைக்கு ஒரு எழுத்து. மொத்தம் 86, பின்னால் ஒன்று விழுந்து 85. இலக்கணம் சொல்லித்தர ஆளே இல்லாமல் ஒருவர் இந்த இடத்துக்கு வந்தாரே, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

கவிதா: நம் க, கி, கு மாதிரியா மாமா?

முத்து மாமா: ஒலி அப்படித்தான், வடிவம் அப்படி இல்லை. நமக்கு ‘க’ தெரிந்தால் ‘கி’ பாதி தெரிந்த மாதிரி. அங்கே இரண்டும் ஒட்டுறவே இல்லாத வடிவங்கள். சில வடிவங்கள் ஆங்கில எழுத்தைப் போலவே இருக்கும், ஒலி மட்டும் வேறு. ஆங்கில ‘டி’யைப் போன்றது அங்கே ‘அ’. ‘டபிள்யூ’ போல இருப்பது ‘ல’.

வள்ளி சித்தி: இத்தனை வருஷம் வீட்டில் இருப்பவர்கள் பொறுத்துக்கொண்டார்களா?

முத்து மாமா: அவர் எழுதி வைத்ததை மனைவியே எரித்துவிட்டதாகச் சொல்வார்கள். ஊரில் சூனியம் என்று பேச்சு. அவரிடம் முதலில் கற்றுக்கொண்டது யார் தெரியுமா? மகள் அயோக்கா. அப்போது ஆறு வயதுதான். 1821இல் பெரியவர்கள் சோதித்தார்கள். ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, மற்றவரிடம் சொல்லி எழுத வைத்தார்கள். வெளியே நின்றவர் உள்ளே வந்து அப்படியே படித்துவிட்டார்.

கவிதா: இதை இன்று இரவே மகளுக்குச் சொல்கிறேன். அவளுக்கும் அதே வயதுதான்.

அருண்: மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்களா மாமா?

முத்து மாமா: பள்ளிக்கூடமே தேவைப்படவில்லை அருண், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே பரவியது. 1825இல் செரோக்கி அரசு அதிகாரப்பூர்வமாக ஏற்றது. பாஸ்டனில் அச்செழுத்து வார்த்து, 1828இல் ஜார்ஜியா பகுதியில் இருந்த நியூ எகோட்டாவில் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ என்ற பத்திரிகை தொடங்கினார்கள். செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் வந்தது. 1835இல் ஜார்ஜியா படையினர் அச்சகத்தையே பறித்துக்கொண்டார்கள்.

வள்ளி சித்தி: ஐயோ. ஏன்?

முத்து மாமா: நிலம்தான் காரணம். வெளியேற்றத்தை எதிர்த்த பத்திரிகை அது. 1838, 39இல் மக்களைச் சொந்த மண்ணிலிருந்து பிடுங்கி, இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள். வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கு. படித்தால் நெஞ்சு கொதிக்கிறது. எழுத்து இருந்தது, அரசு இருந்தது, பத்திரிகை இருந்தது. எதுவும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

அருண்: செக்வோயாவும் அந்தக் கூட்டத்தில் போனாரா?

முத்து மாமா: இல்லை, அதற்கு முன்பே மேற்கே போயிருந்தார். மெக்சிகோ பக்கம் பிரிந்து போன செரோக்கியரைத் தேடிக் கிளம்பி, 1843இல் அங்கேயே இறந்தார்.

கவிதா: இப்போதும் அந்த எழுத்தில் எழுதுகிறார்களா மாமா?

முத்து மாமா: எழுதுகிறார்கள். மொழியைச் சரளமாகப் பேசுவோர் குறைந்துவிட்டார்கள், அதனால் குழந்தைகளுக்குச் செரோக்கியிலேயே பாடம் நடத்தும் பள்ளி வைத்திருக்கிறார்கள். கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடில் 1999இலேயே சேர்ந்துவிட்டது. 2010இல் ஐபோனிலும் வந்தது.

அருண்: என் போனில் விசைப்பலகைப் பட்டியலில் செரோக்கி இருக்கிறது மாமா! இப்போதே சேர்க்கிறேன்.

கவிதா: சேர்த்துவிட்டு அயோக்கா பெயரை எழுதி எனக்கு அனுப்பு அருண்.