கணப்பு: மின்சாரமா, காஸா? பாவித்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பழைய வீடு ஒன்று வாங்கி இது இரண்டாவது குளிர்காலம். ஹாலில் ஒரு விறகுக் கணப்பு இருக்கிறது, பாவிப்பதில்லை. புகைக்கூண்டு வழியாகக் குளிர்காற்று இறங்குகிறது. அம்மா இரண்டு சோடி காலுறை போட்டு, சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார். பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதை மாற்றப் போகிறோம்.

மின்சாரக் கணப்பு என்றால் வேலை சுகம்: பிளக்கைச் செருகினால் சரி, புகைபோக்கி தேவையில்லை. ஆனால் பெரும்பாலானவை 1500 வாட்தான், மணிக்கு ஏறத்தாழ 5000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு). ஒரு சின்ன ஹீட்டர் தரும் சூடுதான் அது. எங்கள் ஹாலுக்குக் காணுமா?

காஸ் பல மடங்கு சூடு தரும். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து ரொறன்ரோவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நாங்கள் மறக்கவில்லை. கரண்ட் போனாலும் எரியும் காஸ் கணப்புகள் இருப்பதால் என் மனம் அங்கேதான் சாய்கிறது. ஆனால் காஸ் குழாய் இழுக்க லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும், வருடாவருடம் சோதிக்க வேண்டும், கார்பன் மொனொக்சைட் அலாரமும் வேண்டும். அதைவிடப் பெரிய பயம், மகளுக்கு 2 வயது. முன் கண்ணாடி கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும்.

சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் காஸ் வைத்திருப்பவர்கள், தடுப்பு வலை உண்மையிலேயே போதுமா? புகை வெளியேறும் குழாயைப் பழைய புகைக்கூண்டுக்குள்ளேயே விட்டீர்களா, சுவரைத் துளைத்தீர்களா? மொத்தம் எவ்வளவு முடிந்தது? நவம்பருக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.